போர்டு கை மாறும் இடங்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

கோவை கணபதியில் ஒரு சின்ன யூனிட். தோட்டத்து போர்வெல் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே மிஸ்டு கால் கொடுத்து ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறார்கள். இத்தனை காலம் எங்கள் கம்பெனியிடம் முழுதாக அசெம்பிள் ஆன சர்க்யூட் போர்டையே வாங்கினார்கள். இப்போது போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டும் சின்ன எஸ்எம்டி பாகங்களை மட்டும் நாங்கள் ஏற்றிக் கொடுக்கிறோம். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், டெர்மினல் பிளாக் எல்லாம் அவர்களே சால்டர் செய்துகொள்கிறார்கள். செலவு குறைகிறது, அவசர ஆர்டர் வந்தால் எங்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. சரியான முடிவுதான். ஆனால் டெஸ்ட்டில் பாஸான போர்டு தோட்டத்துக்குப் போய்ச் சில வாரத்தில் செத்துத் திரும்புகிறது. "போர்டே சரியில்லைங்க மேடம். நம்ம பிள்ளைங்க சால்டரிங்லதான் கோளாறோ என்னவோ, நீங்களே வந்து சொல்லிக்குடுங்க" என்றார் முதலாளி.

நேராக சால்டரிங் பெஞ்சுக்கு அழைத்துப் போனார். ஸ்டோரிலிருந்து பார்த்துக்கொண்டே வரலாமா என்று கேட்டேன். ஒரு போர்டு உள்ளே வந்ததிலிருந்து பெட்டிக்குள் ஏறும் வரை கூடவே நடந்தேன். ஸ்டோர் அண்ணன் வெள்ளிக் கவரைக் கிழித்து, போர்டுகளை எண்ணி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார். அந்தக் கட்டு தெர்மாகோல் தட்டில் ஏறியது. ஒரு பையன் அதை மாடிக்குக் கொண்டுபோனான். இன்னொருவர், பல போர்டுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பேனலை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தித் தனித்தனியாக உடைத்தார். அதன் பிறகுதான் சால்டரிங் அயர்ன் அந்தப் போர்டைத் தொட்டது.

எங்கே போனாலும் இதே கதை. பயிற்சி என்றாலே சால்டரிங் வகுப்பு என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, போர்டு அதிகம் அடிபடுவது கை மாறும் இடங்களில். எண்ணுவது, அடுக்குவது, தூக்கிப்போவது, உடைப்பது எதுவும் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. அதனால் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஸ்டோர் அண்ணனும் மாடிப் பையனும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "அவங்களுக்கு எதுக்குங்க?" என்றார். நாளைக்குப் பாருங்கள் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முழுக்க ஸ்டாடிக், அதாவது உரசலில் சேரும் நிலைமின்சாரம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. கையடக்க ஸ்டாடிக் மீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். வெறும் மேஜைக்கு மேலே பிடித்தேன், அசையவில்லை. செலோ டேப்பை ரோலிலிருந்து சர்ரென்று இழுத்துக் காட்டினேன், கிலோவோல்ட்டில் எகிறியது. அடுத்து அவர்களுடைய தெர்மாகோல் தட்டை ஒரு நைலான் துப்பட்டாவில் லேசாக உரசி எடுத்துப் பிடித்தேன். ஸ்டோர் அண்ணன் எழுந்து வந்து தானே ஒருமுறை உரசிப் பார்த்தார். அதற்குமேல் தட்டைப் பற்றி நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

"ஆனா ஷாக்கே அடிக்கலையே மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நம் விரல் நுனியில் ஒரு சுளீர் தெரிய வேண்டுமென்றால் சுமார் 3000 வோல்ட் ஆவது சேர்ந்திருக்க வேண்டும். சில பாகங்களுக்கு 100 வோல்ட்டுக்குக் குறைவே போதும். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரில், கேட் என்னும் முனைக்கு அடியில் இருக்கும் ஆக்ஸைடு படலம் அவ்வளவு மெல்லியது. நமக்கு உறைக்காத அடியில் அது ஓட்டையாகிவிடும். முழுதாக ஓட்டையானாலாவது டெஸ்ட்டில் மாட்டிக்கொள்ளும். அரைகுறையாக அடிபட்டதுதான் ஆபத்து. அன்றைக்குப் பாஸாகும், தோட்டத்து வெயிலிலும் மோட்டார் ஏறி இறங்கும் சர்ஜிலும் சாகும். இதைச் சொன்னபோது முதலாளி முதல் தடவையாகக் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

ரிஸ்ட் ஸ்ட்ராப், அதாவது உடம்பில் சேரும் ஸ்டாடிக்கை எர்த்துக்கு வடியவிடும் மணிக்கட்டுப் பட்டை என்றதும் பயம். எர்த்தோடு கையைக் கட்டிவிட்டால், தப்பித்தவறி லைவ் கம்பியில் கை பட்டால் என்ன ஆகும்? பயப்படுவது நியாயம், அதற்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ராப்பின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 230 வோல்ட்டே வந்தாலும் அந்த வழியாகப் போகும் கரண்ட் 0.23 மில்லியாம்பியர்தான். ஸ்டாடிக் வடிந்து போக அது தாராளம், ஆளுக்குக் கெடுதல் செய்யாது. அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு வெறும் வயரால் கட்டிக்கொள்வது மட்டும் உயிரோடு விளையாடுவது. பல பட்டறைகளில் ஒட்டுப்போட்ட ஸ்ட்ராப்பைப் பார்க்கிறேன், பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. லைவாக இருக்கும் போர்டை டெஸ்ட் செய்யும் மேஜையில் ஸ்ட்ராப்பே வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர்களுடைய ஸ்ட்ராப்பின் கிளிப் மேஜையின் இரும்புக் காலில் மாட்டியிருந்தது. காலுக்குப் பெயின்ட், அடியில் ரப்பர் புஷ். எங்கே வடியும்? எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைப் பார்த்தால், குழியில் தண்ணீர் ஊற்றியே பல மாதமாம். அதைச் சரிசெய்து, ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனியாக எர்த் வயர் இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிங்க் கவர் தானாகச் சார்ஜ் ஏற்றாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளிக் கவர். எண்ணி முடித்ததும் போர்டு வெள்ளிக் கவருக்கே திரும்பிப் போக வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சால்டரிங். எல்லாரும் எதிர்பார்த்த நாள்.

இங்கே மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், கலர் டிவி அசெம்பிளி காலத்திலிருந்து இந்த வேலை. கை அப்படி ஒரு வேகம். ஆனால் ஈயத்தை டிப்பில் உருக்கி எடுத்துக்கொண்டு போய் ஜாயின்டில் தடவுகிறார். ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ் சால்டர் வயரின் நடுவில் இருக்கிறது, அது ஜாயின்டுக்குப் போய்ச் சேருமுன்பே புகையாகப் போய்விடுகிறது. ஈயம் மட்டும் போய் உட்காருகிறது, போர்டில் இருக்கும் செம்புப் பேடோடு பிடிப்பதில்லை.

நாலு பேருக்கு முன்னால் அவரைத் திருத்துவது சரியாக இருக்காது. அவரிடம் பயின்றவர்கள்தான் மற்ற எல்லாரும். டீ நேரத்தில் அவரை மட்டும் மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய ஜாயின்டையும் எங்கள் லைனில் செய்ததையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஈயம் தாமரை இலைத் தண்ணியாட்டம் நிக்குதுங்க, ஒட்டவே இல்லை" என்று அவரே சொன்னார். அயர்ன் டிப் பேடையும் பின்னையும் ஒருசேரத் தொட வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து வயரைக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டும். மதியத்துக்குள் கையை மாற்றிக்கொண்டார். மாலையில் மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார்.

பெரிய கிரவுண்டு பேடில் ஈயம் ஏறவில்லை என்றால் உடனே சூட்டை 450-க்கு ஏற்றுகிறார்கள். பேடே உரிந்து வந்துவிடும். அகலமான டிப் போட்டால் குறைந்த சூட்டிலேயே ஏறும். வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம் கலந்த 63/37 சால்டர் உருகுவது 183 டிகிரியில். அயர்ன் 350-க்குப் பக்கத்தில் இருந்தாலே தாராளம்.

ஏற்றுமதிக்கு ஒரு சின்ன ஆர்டர் இருக்கிறதாம், ஈயம் கலக்காத சால்டர் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. அந்தச் சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆறிய பிறகு கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். பளபளப்பு இல்லை என்று மறுபடி மறுபடி சூடுகாட்டக் கூடாது. அதற்குத் தனி அயர்ன், தனி டிப், தனி மேஜை. அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் அளவு 0.1 சதவீதம்தான். பழைய டிப்பில் ஒட்டியிருப்பதே அதைத் தாண்டிவிடும்.

ஹீட்சிங்க்கில் உட்காரும் ரெகுலேட்டரை முதலில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு அப்புறம்தான் சால்டர் வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் முடுக்கும் இழுப்பு முழுவதும் காலில் போய் நிற்கும்.

சாப்பாட்டு டப்பாக்கள் பெஞ்சின் கீழ்த்தட்டில் இருந்தன. எடுக்கச் சொன்னேன். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. ரோசின் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது ஊரறிந்த தொழில்நோய். இங்கே புகைபோக்கி கிடையாது. போர்டு கெட்டால் வேறு போர்டு வாங்கலாம். இந்தப் பெண்களுக்கு நுரையீரல் கெட்டால் என்ன செய்வது? முதலாளியிடம் இதைச் சற்று உரக்கவே சொன்னேன். ஒவ்வொரு பெஞ்சுக்கும் எக்ஸாஸ்ட் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பேனல் உடைப்பது. இந்த யூனிட்டின் நோய் இதுதான் என்று எனக்கு முதல் நாளே பட்டது.

எங்கள் பேனலில் போர்டுகளுக்கு நடுவே வி-கட் பள்ளம் இருக்கும். மேஜை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து, படக்கென்று பிரியும். வேலை சுலபம். ஆனால் பிரிவதற்கு முந்தைய கணத்தில் போர்டு வளைகிறது. கண்ணாடி நாரும் எபாக்ஸியும் சேர்ந்த போர்டு வளைவைத் தாங்கும். மேலே ஒட்டியிருக்கும் செராமிக் கெப்பாசிட்டர் தாங்காது. அடியில், ஈயம் பிடித்திருக்கும் முனையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் உள்ளுக்குள் ஓடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மீட்டரிலும் சரியான மதிப்பே காட்டும். பிறகு ஈரக்காற்று கீறலுக்குள் இறங்கி, அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவே கசிவு தொடங்கி, ஒருநாள் ஷார்ட்.

இதைக் காட்ட என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஸ்கிராப் பேனல் ஒன்றில் இரண்டு சாக்பீஸ்களை, இரு முனையிலும் மட்டும் ஃபெவிகுயிக் வைத்து ஒட்டினேன். ஒன்று பள்ளத்துக்கு இணையாக, இன்னொன்று பள்ளத்தை நோக்கிக் குறுக்காக. மாடிப் பையனிடம் கொடுத்து, வழக்கம்போல உடைக்கச் சொன்னேன். குறுக்கே இருந்த சாக்பீஸ் பேனல் பிரியுமுன்பே முறிந்தது, இணையாக இருந்தது அப்படியே நின்றது. "நான் ஒடைக்கிறப்ப எல்லாம் இதுதான் நடக்குதுங்களா மேடம்?" என்று கேட்டான். அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு யாரும் சொன்னதில்லை. எப்படி வைத்து உடைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி ஒட்டாதது அவன் குற்றமாகாது. இதை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

திரும்பிவந்த போர்டுகளை எடுத்துப் பார்த்தோம். பள்ளத்தை ஒட்டிக் குறுக்காக நிற்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும் பவர் லைன்தான் பலவற்றில் ஷார்ட். ஒன்றை ரெசினில் பதித்து, தேய்த்துப் பார்க்க எங்கள் லேபுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, உருளும் பிளேடு வைத்த வி-கட் மெஷின் ஒன்று வாங்குவது. கையால் தள்ளும் சின்ன மாடலே போதும். நிலையான தீர்வு டிசைனில் இருக்கிறது: அந்தக் கெப்பாசிட்டர்களைப் பள்ளத்துக்கு இணையாகத் திருப்பி, உள்ளே தள்ளி வைக்க வேண்டும். லேஅவுட் போடுபவர் ஃப்ரீலான்ஸ். அவரிடம் பேச வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம், மருதமலைக்கு நடந்து போகிறவர்கள் இன்றே லீவு. ஸ்டோர் அண்ணனோடு மட்டும் உட்கார்ந்தேன். போர்டை முழுதாகச் சூடாக்கிச் சால்டர் செய்யும் சின்ன ரீஃப்ளோ ஓவன் ஒன்று வாங்கும் யோசனை இருப்பதால் ஈரப்பதக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். சிம் மாட்யூல் கவரில் எம்எஸ்எல் 3 என்று (ஈரத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) போட்டிருந்தால், பிரித்ததிலிருந்து 168 மணி நேரத்துக்குள் சால்டர் ஆக வேண்டும். அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரத்துக்குள் வைத்திருந்தால். உள்ளே உறிஞ்சிய ஈரம் ஓவனில் ஆவியாகிப் பாகத்தை வெடிக்க வைக்கும். கவரைப் பிரித்த தேதியும் நேரமும் மார்க்கரில் எழுதுவதாகச் சொன்னார். அவரே ஒரு நோட்டும் போட்டிருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஸ்டார்ட்டரைத் தோட்டத்தில் மாட்டும் மெக்கானிக்குகள் சிலர் வந்திருந்தார்கள். போர்டு கடைசியாகக் கை மாறுவது இவர்களிடம்தான்.

பிரிபிரியான ஒயரின் நுனியில் ஈயம் பூசி டெர்மினலில் முடுக்குகிறார்கள். நேர்த்தி என்று நினைத்தே செய்கிறார்கள். ஈயம் மென்மையானது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கி விலகும். பிடி தளரும், சூடாகும், டெர்மினல் கருகி, அடியில் போர்டும் பழுப்பாகும். கருகிய டெர்மினல் ஒன்றை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள், அதை வைத்தே விளக்க முடிந்தது. ஒயர் நுனியில் ஃபெர்ரூல் என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டுக் கிரிம்ப் செய்யச் சொன்னேன், அதாவது நசுக்கிப் பிடிக்க வைக்கச் சொன்னேன். ஸ்டார்ட்டர் பாக்கெட்டிலேயே ஃபெர்ரூல்களைப் போட்டு அனுப்புவதாக முதலாளி சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

பல்லி, எறும்பு பேச்சும் வந்தது. பெட்டிக்குள் சூடு இருப்பதால் தேடி வருகின்றன. போர்டுக்கு வார்னிஷ் கோட்டிங் அடித்தால் உதவும். ஆனால் பிளக்ஸைச் சுத்தமாகத் துடைக்காமல் அதன்மேல் அடித்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆகிவிடும். டெர்மினலையும் ரிலேயையும் மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

திரும்பப் போய்ப் பார்த்தேன். தெர்மாகோல் ஒரு துண்டுகூட இல்லை. போர்டுகள் ஸ்டாடிக் சேராத கறுப்பு ஈஎஸ்டி ரேக்கில் தனித்தனியாக நிற்கின்றன, எல்லாரும் விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்கிறார்கள். வி-கட் மெஷின் வந்துவிட்டது, மாடிப் பையன்தான் அதற்குப் பொறுப்பு. ஸ்ட்ராப் விஷயத்தில் பாதிப் பேர் சுடிதார் கைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். உலோகம் தோலைத் தொட்டால்தான் பலன். காலையில் டெஸ்டரில் அழுத்திப் பச்சை விளக்கு வந்த பிறகே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்ஷனில் ஒரு குழப்பம். பளபளப்பாக இருந்தால் பாஸ் என்று கண்ணால் முடிவுசெய்கிறார்கள். போர்டு அசெம்பிளிக்கான தர அளவுகோலான ஐபிசி-ஏ-610 படங்களை வைத்து, பின் நுழையும் ஓட்டையில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று காட்டினேன். இவர்களுடைய வகைக்குப் பொதுவாகக் குறைந்தது 75 சதவீதம். மூத்த அக்கா இரண்டு போர்டுகளைத் தள்ளிவிட்டார், சரியான காரணத்தோடு.

மார்ச் 5, புதன்

லேப் முடிவு வந்தது. தேய்த்த கெப்பாசிட்டரில் கீறல் அப்பட்டமாகத் தெரிகிறது, முனையிலிருந்து சாய்வாக, இரண்டு தகடுகளைக் கடந்து. படத்தை முதலாளிக்கும் லேஅவுட் போடுபவருக்கும் அனுப்பினேன். இனி யார் பக்கத் தவறு என்ற பேச்சு எழாது.

லேஅவுட்காரர் மாலையே புது கெர்பர் ஃபைல், அதாவது போர்டு தயாரிக்கும் டிசைன் ஃபைல் அனுப்பிவிட்டார். சி7, சி8 கெப்பாசிட்டர்கள் இரண்டும் பள்ளத்துக்கு இணையாகத் திரும்பி, உள்ளேயும் தள்ளியிருக்கின்றன. ரிலே பக்கத்து சி12 மட்டும் பழைய இடத்திலேயே குறுக்காக நிற்கிறது. அதையும் திருப்பும்வரை புது லாட்டைத் தொடங்க வேண்டாம் என்று அவருக்கும் எங்கள் பிளானிங்குக்கும் எழுதிவிட்டேன்.