கொம்பு, எழுத்து, கால்

1970-ஆம் ஆண்டு, 17 வயதில், மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். இடக்கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாக அடுக்கிக்கொண்டே போவதுதான் வேலை. ‘கொடி’ என்று கோக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக்கொம்பை எடுக்க வேண்டும், அடுத்தது க, அதன் பின் கால், கடைசியில் டி. வாயில் ஒரே ஒலியாக வரும் ‘கொ’ எங்கள் கையில் மூன்று துண்டுகளாகத்தான் இருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் போய், எழுத்துகள் வைக்கும் கேஸில் சில அறைகள் காலியாயின. கொம்பும் காலும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றில் ஒரு சிரமம் இருக்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தும் எனக்குத் தோன்றியதில்லை. என் பேரன் அதே சொல்லைக் ‘கெரடி’ என்று வாசித்த அன்றுதான் தோன்றியது.

அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்ப் பாடப்புத்தகத்தில் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் ‘கெரடி’ என்றுதான் வந்தது. பக்கத்தைத் திருப்பி ‘பால்’ என்ற சொல்லைக் காட்டினேன், ‘பரல்’ என்றான். புத்தகத்தை வாங்கி அவன் கண் போகும் வழியிலேயே நானும் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. கொம்பையும் ககரத்தையும் சேர்த்தால் ‘கெ’ என்பது சரிதான். அடுத்து நிற்கும் கால் பார்வைக்கு ரகரம்போல இருக்கிறது. அதை ‘ர’ என்கிறான். இடமிருந்து வலமாக, எதிரில் இருப்பதை ஒன்று விடாமல் வாசித்திருக்கிறான். மற்ற பிள்ளைகள் அந்த மூன்று துண்டுகளையும் ஒரே படமாக விழுங்கப் பழகிவிடுகிறார்கள். இவனுக்கோ ஒவ்வொரு முறையும் அவை புதிதாக, தனித்தனியாக வந்து நிற்கின்றன. அவனுடைய வீட்டுப்பாட நோட்டில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் பதினோரு இடங்களில் எழுதியிருந்தது. புரூஃப் பார்த்த பழக்கத்தில் எண்ணிவிட்டேன்.

பேரனின் விஷயத்தையாவது நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பேத்தியின் விஷயத்தில் தாமதத்துக்குக் காரணமே நான்தான். இரண்டரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. கிண்ணத்தைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். மகள் பயந்துபோய் என்னிடம் சொன்னபோது, “உன் தம்பியும் மூன்று வயசுக்கு மேலதாம்மா பேசினான், பெண்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலையாதே” என்றேன். வீட்டில் மூத்தவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்துவிட்டால், கேட்கிறவர்களுக்கு அதைவிட ஆறுதல் என்ன வேண்டும்? மருமகன் அதைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி வசம்பை உரைத்து நாக்கில் தடவினாள், மீனாட்சிக்கு வேண்டிக்கொண்டாள். இப்படியே ஒன்றரை ஆண்டு போயிற்று. அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவளைக் கூட்டிப்போனபோது நான்கு வயது முடிந்திருந்தது. அங்கே இருந்த பெண் மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் அய்யா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

பேத்திக்கு இருப்பது ஆட்டிசம். அதற்கு அரசுப் படிவங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றொரு தொடர் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பியபோது எனக்குக் கோபம் வந்தது. மூன்று வீடு தள்ளி மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிற குழந்தைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எழுதியவர் யாரோ! அவளுக்குப் புற உலகம் நம்மைவிட அதிகமாகவே உள்ளே வந்துவிடுகிறது என்பதுதான் நான் பார்த்தது.

சட்டத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. அதில் ஆட்டிசமும் இல்லை, என் பேரனைப்போல வாசிப்பில் தடுமாறுகிறவர்களுக்கு உள்ள கற்றல் குறைபாடும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியபோது, என் பேரன், பேத்தி இருவருக்குமே பட்டியலில் இடம் கிடைத்தது. அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமன்றி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்றும் அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது 31-ஆவது பிரிவு. இந்தப் பிரிவுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனபோதுதான் தாளில் இருப்பதற்கும் வகுப்பறையில் இருப்பதற்கும் உள்ள தூரம் தெரிந்தது.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை எட்டு வயது ஆன பிறகுதான் தருகிறார்கள். பின்பு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் எழுத்து தடுமாறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே, ஆகவே எட்டு வயது வரை பொறுப்பது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று கற்பித்தலும் காத்திருக்க வேண்டுமா? மருத்துவமனையில் இரண்டு நாள் வாசிக்கச் சொல்லி, சொல்வதை எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பார்த்த பள்ளியின் முதல்வர் அம்மா உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னார்: “இனிக் கவலையே இல்லை, பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆள் தருவார்கள், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் வாங்கிவிடலாம்.” அன்று பேரன் நான்காம் வகுப்பில் இருந்தான். பத்தாம் வகுப்புக்கு ஆறு ஆண்டு இருக்கிறது. அந்த ஆறு ஆண்டும் அவன் வகுப்பில் என்ன செய்வான் என்று கேட்டேன். “உட்கார்ந்து கேட்கட்டும்” என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். வாசிக்கத் தெரியாமல் பரீட்சையைக் கடப்பதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறோம். வாசிக்கக் கற்றுத்தருவதற்கு ஆள் வைக்கவில்லை. சலுகை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். ஆனால் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு விலக்கு என்றால் பெரும்பாலும் தமிழைத்தான் விடுவார்கள். ஆயுள் முழுக்கத் தமிழ் எழுத்தை அடுக்கிச் சோறு தின்றவனின் பேரனுக்குத் தமிழிலிருந்து விலக்கு என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் எனக்குக் கால் தள்ளாடிவிட்டது. இந்தக் குறைபாடு உள்ளவர்கள் எல்லாரும் பிற்காலத்தில் பெரிய மேதை ஆகிவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடமும் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் வீட்டுக்கு மேதை வேண்டாம். பெரியார் நிலையத்தில் நிற்கிற பேருந்தின் பலகையில் ‘மாட்டுத்தாவணி’ என்று இருப்பதை, எண்ணைப் பார்த்து ஊகிக்காமல் வாசித்து ஏறினால் போதும்.

பேத்தியை மூன்று தனியார் பள்ளிகளில் கேட்டோம். மூன்றிலும் முதலில் இடம் இருந்தது. அவளைப் பார்த்த பிறகு இல்லாமல் போயிற்று. கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில், விண்ணப்பத்தைக்கூட முழுதாகப் படிக்காமல், “நாளையிலிருந்து கூட்டி வாங்க” என்று தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதரை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். மணி அடிக்கும்போதெல்லாம் பேத்தி மேசைக்கு அடியில் போய்விடுகிறாள், அவர் எத்தனை பேரைப் பார்ப்பார்? கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார். தொகுப்பூதியத்தில் இருக்கும் இளம்பெண். ஸ்கூட்டியில் ஒரு பை நிறையப் படங்களும் மணிகளுமாக வந்து முக்கால் மணி நேரம் உட்காருவார். அந்த முக்கால் மணி நேரத்தில் பேத்தி மூன்று படங்களை வரிசையாக வைக்கிறாள், தண்ணீர் வேண்டும் என்று படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு அடுத்த செவ்வாய்தான்.

2021-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்துக்கு ஒருவர் என்பது கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பிள்ளைகளும் எட்டுப் பள்ளிகளில் சிதறிக் கிடந்தால், ஒருவர் வாரத்தின் ஐந்து நாளையும் எட்டாகப் பங்குபோடத்தானே வேண்டும்? விகிதத்தைக் கணக்கிடும்போது பிள்ளைகளை எண்ணுகிறோம், நடுவில் இருக்கிற சாலையை எண்ணுவதில்லை. பேரன் படிக்கிற தனியார் பள்ளிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகூட இல்லை. வெளியே ஓர் ஆசிரியையிடம் வகுப்புக்கு 500 ரூபாய் கொடுத்து வாரம் இரண்டு நாள் அனுப்புகிறோம். மகள் ஆடிட்டர் அலுவலக வேலையை விட்டு இரண்டு ஆண்டு ஆகிறது. அவளிடம் இதைப் பற்றிப் பேசினால், “விடுங்கப்பா” என்று எழுந்து போய்விடுகிறாள்.

என்னால் முடிந்ததாக, பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிக் கொம்புகள், கால்கள், எழுத்துகள் செய்தேன். வீட்டில் ஒரு டப்பா நிறைய ஈய எழுத்துகள் இருக்கின்றன. ஈயம் பிள்ளைகளின் கைக்கு ஆகாது, அதிலும் பேத்தி எதையும் வாயில் வைப்பாள் என்பதால் அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். கொம்பையும் காலையும் சிவப்பிலும், நடுவில் நிற்கும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதினேன். சிவப்பு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் ‘ஒ’ ஓசை என்று பேரனே ஒரு விதி வகுத்துக்கொண்டான். வரிக்கு வரி இடைவெளி விட்டு, எழுத்துக்கு எழுத்தும் சற்று விலக்கி எழுதினால் அவன் தடுமாற்றம் குறைகிறது. அச்சகத்தில் ‘ஸ்பேஸ் போடு’ என்று போர்மேன் கத்தியது இப்போது உதவுகிறது.

எனக்கு 72 வயது. மனைவிக்கு முழங்கால் முடியவில்லை. எங்களுக்குப் பிறகு, மகளுக்கும் மருமகனுக்கும் பிறகு, பேத்தியின் பக்கத்தில் இருக்கப்போகிறவன் பேரன்தான் என்ற நினைப்பு வந்த இரவு முதல் தூக்கம் சரியில்லை. அதனால் 200 பக்க நோட்டு ஒன்றில், அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை அதே சிவப்பும் கறுப்புமாக, இடைவெளி விட்டு எழுதி வருகிறேன். எந்தத் துணி உறுத்தும், காய்ச்சல் வந்தால் எங்கே கை வைத்துக் காட்டுவாள், எந்த வழியாக நடந்தால் அழ மாட்டாள் என்று இதுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். ‘குக்கர் விசில் வருவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும்’ என்ற வரியில் ‘சொ’ வந்ததும் விரல் நின்றது. கொம்பைத் தொட்டான், காலைத் தொட்டான், பிறகு நடுவே வந்தான். அந்த ஒரு வரிக்கு ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். முடித்ததும் நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பில் குக்கர் இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனான்.