வசூலைக் கொண்டு ஊழியரை எடைபோடலாமா?

அமெரிக்காவின் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தன் ஊழியர்களை மதிப்பிடும் முறையைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். 1998 ஜூலை 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டத்தின் 1204ஆவது பிரிவு, ஓர் ஊழியர் எவ்வளவு வரி விதித்தார், எவ்வளவு வசூலித்தார், எத்தனை சொத்துகளை ஜப்தி செய்தார் என்ற கணக்கைக் கொண்டு அவருடைய பணித்திறனை எடைபோடக் கூடாது என்றும், அவ்வகையில் அவருக்கு இலக்கு வைப்பதும் கூடாது என்றும் தடை விதிக்கிறது. வரி வசூலிப்பதற்கென்றே இருக்கும் துறைக்கு இப்படியொரு தடை தேவைதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஜப்தி எண்ணிக்கைதான் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் என்றால், வழக்கறிஞர் வைத்து வாதாடக்கூடிய பெரும் பணக்காரரை விட்டுவிட்டு, எதிர்க்க வழியில்லாத சிறு கடைக்காரரிடம்தான் ஊழியர் முதலில் போவார்.

1997 செப்டம்பரில் வில்லியம் ராத் தலைமையிலான செனட் நிதிக் குழுவின் முன் ஐஆர்எஸ் ஊழியர்கள் சிலர் முகத்தை மறைத்துக்கொண்டு, வசூல் எண்ணிக்கைக்காகத் தங்கள் துறை தந்த நெருக்கடியைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். அதன் பிறகு ஆணையராக வந்த சார்லஸ் ரோசோட்டி, வரி செலுத்துவோரின் மனநிறைவு, ஊழியர்களின் மனநிறைவு, பணியின் விளைவு என மூன்றையும் சேர்த்தே துறையை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். முடித்த கோப்புகளின் எண்ணிக்கையைத் துறை அளவில் கணக்கிடலாம். ஆனால் கூடுதல் வரி ஏதும் இல்லை என்று முடிந்த தணிக்கையும் அதில் ஒன்றாகவே எண்ணப்படும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வசூல் தொகையை நிதித் திட்டமிடலுக்கும், ஆட்களையும் வளங்களையும் எங்கே ஒதுக்குவது என்று முடிவெடுப்பதற்கும் பயன்படுத்தத் தடையில்லை.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1997இல் சுமார் 10,000ஆக இருந்த ஜப்திகள் 2000இல் நூறுக்கும் கீழே போயின. அளவுகோலை மாற்றியதே இதற்குக் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. குறிப்பிட்ட பத்துத் தவறுகளில் ஒன்றைச் செய்தாலும் வேலை போகும் என்ற 1203ஆவது பிரிவு ஊழியர்களை அச்சுறுத்தியது; ஜப்திக்கு முன்பு பெற வேண்டிய ஒப்புதல்களும் கூடின.

1204ஆவது பிரிவை மீறவில்லை என்று மேலாளர்கள் காலாண்டுதோறும் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். அதைத் தனி ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் சரிபார்க்கிறது. அப்படியிருந்தும், மேலாளர்கள் எழுதிய சில மதிப்பீட்டுக் குறிப்புகளில் வசூல் விவரங்கள் மீண்டும் இடம்பெற்றதை அதன் அறிக்கைகள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் எடுத்துக்காட்டியிருக்கின்றன.