மூன்றடித் தொட்டியில் ஓர் உப்பங்கழி: செடியோடு உவர்நீர் மீன் வளர்த்துப் பார்த்தது

மே

தொட்டி வந்துவிட்டது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். கணக்குப்படி 130 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், மணலும் மரவேரும் போக உள்ளே நிற்பது 110 லிட்டர்தான் இருக்கும். இதில் உவர்நீர் மீன்களோடு (நல்ல தண்ணீருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட உப்பில் வாழ்பவை) உயிருள்ள செடிகளையும் வளர்க்க வேண்டும், அதுதான் திட்டம்.

உவர்நீர்த் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் செடியைக் கைகழுவிவிட்டு, மரவேரும் நாலு பிளாஸ்டிக் இலையும் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. முதலில் மீனை வாங்கி, அந்த மீனுக்கு வேண்டிய உப்பை ஏற்றி, அதற்கப்புறம் செடி தேடினால் எதுவும் நிற்காது. ஸ்காட், மோனோ மாதிரி மீன்கள் வளர வளர கடல்நீர் அளவுக்குப் பக்கத்தில் உப்பு கேட்கும், அதில் ஜாவா ஃபெர்ன் செடிகூடத் தாங்காது, போதாததற்கு ஸ்காட் செடியைத் தின்றும் விடும். அதனால் நான் எதிர்ப்பக்கமிருந்து வருகிறேன். செடி எவ்வளவு தாங்கும் என்று பார்த்து உப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த உப்பில் சந்தோஷமாக இருக்கும் மீன் எது என்று தேடுவது.

அந்த அளவு என் கணக்கில் லிட்டருக்கு 5 கிராம். கடல்நீரில் சுமார் 35 கிராம் இருக்கும், ஆக ஏழில் ஒரு பங்கு. அடர்த்தி எண்ணில் சொன்னால் (நல்ல தண்ணீர் 1.000) 1.004-க்குச் சற்றுக் கீழே. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். நம்மைப் போலக் குறைந்த உப்பை அளப்பவர்கள் அதை ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துகொண்டு அளந்தால் நல்லது, ஏனென்றால் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டிக்காரர்களுக்கு அரை கிராம் தப்பு ஒன்றுமே இல்லை, நமக்கு அது பத்தில் ஒரு பங்கு.

எந்த உப்பு என்பதுதான் எல்லோரும் கேட்பது. சமையல் உப்பு ஏன் கூடாது, அயோடின் இல்லாத கல்லுப்பு ஏன் கூடாது? மரக்காணமோ வேதாரண்யமோ தூத்துக்குடியோ, உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, அடுத்த பாத்தியில்தான் நாம் சாப்பிடும் உப்பு விளைகிறது, மக்னீசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகிறது. அதாவது கல்லுப்பு என்பது கடலிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழித்தபின் கிடைப்பது. மீனுக்கு உப்புக்கரிப்பு கிடைக்கும், ஆனால் தண்ணீரின் பி.ஹெச். நிலையாக நிற்க வேண்டியதும் செடிக்கு வேண்டியதும் அதில் இல்லை. கடற்கரையில் இருந்தே தண்ணீர் எடுத்து வரலாம்தான், ஒரு பங்கு கடல்நீருக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர், செலவே இல்லை. கூவமும் அடையாறும் கடலில் என்னத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன என்று பார்த்தவனுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. பவளத் தொட்டிக்கு விற்கும் கடல் உப்புக் கலவையையே வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் நமக்கு ஏழில் ஒரு பங்கு போதும் என்பதால் ஒரு வாளி ரொம்ப நாள் வரும்.

அம்மா வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, நம்ம வீட்டு போர் தண்ணியே உப்புதானே, இன்னும் எதுக்குக் காசு கொடுத்து உப்பு?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் மேடவாக்கம் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1400 காட்டுகிறது, அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம்கூட இல்லை. ஆனால் கடினநீர், அது இந்தத் தொட்டிக்கு வரப்பிரசாதம். செடி வைத்து நல்ல தண்ணீர்த் தொட்டி நடத்த ஆசைப்பட்டு இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஜூன், ஜூலை

அடியில் ஆற்றுமணல், அதற்குக் கீழே செடி நடும் இடத்தில் மட்டும் உர வில்லைகள், ஃபில்டருக்குள் ஒரு பை நிறையக் கழுவிய கிளிஞ்சல். கிளிஞ்சல் மெல்லக் கரைந்து பி.ஹெச். எட்டுக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்கிறது. லைட் ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம். சென்னை வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை, தண்ணீர் தானாகவே 29 டிகிரியில் நிற்கிறது. சூடும் உப்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், அதனால் ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளரட்டும் என்று தொட்டியை முதலில் உப்பே போடாமல் நான்கைந்து மோலி மீன்களோடு ஓடவிட்டேன், தினமும் அம்மோனியா பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் தண்ணீர் மாற்றிக்கொண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.ஹெச். 7-இல் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8.2-இல், இந்தச் சூட்டில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விஷமாக இருக்கும். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம்தான் காட்டும், மீனுக்கு வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் அம்மோனியாவிலிருந்து அடுத்து உருவாகும் நைட்ரைட் விஷயத்தில், பின்னால் ஏற்றப்போகும் உப்பு நம் பக்கம். தண்ணீரில் குளோரைடு இருந்தால் செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதை அது தடுக்கிறது.

பாக்டீரியா நிலைபெற்ற பிறகு உப்பு ஏற்ற ஆரம்பித்தேன். வாரம் லிட்டருக்கு ஒரு கிராம், அதற்கு மேல் இல்லை. எப்போதும் வாளியில் கரைத்து, ஓர் இரவு மோட்டார் போட்டுக் கலக்கி, தண்ணீர் மாற்றும்போதுதான் உள்ளே போகும். தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டினால் செடி மேல் விழுந்த இடம் வெந்துவிடும்.

செடிகள் எப்படிப் போயின என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. உப்பு ஏறும்போது செடியின் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளித்தண்ணீர் இழுக்கிறது. செடி தனக்குள்ளே கரைபொருட்களைச் சேர்த்துக்கொண்டு அதை எதிர்க்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மெதுவாகப் போவதன் காரணமே இதுதான்.

காபோம்பா தாங்காது என்று தெரிந்தே ஒரு கொத்து போட்டுப் பார்த்தேன், இரண்டு கிராமிலேயே கூழாகிவிட்டது. வாலிஸ்நேரியா மூன்று கிராம் வரும்போது பழைய இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. பிடுங்கிப் போடாமல் விட்டேன், அடியிலிருந்து புது இலை விட்டு இப்போது ஓடு கொடி விட்டுக்கொண்டிருக்கிறது. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் எதுவும் நடக்காதது போல இருக்கின்றன, வளர்வது மட்டும் பாதி வேகம். இரண்டையும் மரவேரில் கட்டியிருக்கிறேன், கிழங்கை மணலில் புதைத்தால் அழுகும். ஜாவா பாசி பழுப்பாகித் திரும்ப வந்தது.

எல்லாவற்றையும் விட நன்றாக வந்தது நம்மூர் நீர்ப்பிரமி. வயல் வரப்பிலும் கழிவெளி ஓரத்திலும் சின்ன வெள்ளைப் பூவோடு படர்ந்து கிடக்குமே, அதேதான். கடையில் பகோபா என்று கேட்டால் பெரும்பாலும் இலை தடித்த அமெரிக்க வகையைக் கொடுப்பார்கள், அது எனக்கு உப்பில் இளைத்துப்போனது. நீர்ப்பிரமி ஊருக்குப் போனபோது வரப்பிலிருந்து எடுத்து வந்தது, ஒரு வாளியில் தனியாக வைத்து நத்தை முட்டை, பூச்சி எல்லாம் போன பிறகு நட்டேன். ஐந்து கிராம் உப்பில் வாரத்துக்கு ஓரங்குலம் ஏறி, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கடைச் செடி இவ்வளவு வாங்கியதற்குப் பதில் இதையே இரண்டு பிடி கூட எடுத்து வந்திருக்கலாம் போல.

ஆகஸ்ட், செப்டம்பர்

மீன். சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் அலைந்ததில் உவர்நீர் மீன்களை நல்ல தண்ணீர் மீன் என்று சொல்லி விற்பதுதான் அதிகம் கண்ணில் பட்டது. பச்சைப் புள்ளி பஃபர், குட்டி ஸ்காட், எல்லாம் கப்பி பக்கத்துத் தொட்டியில் நிற்கின்றன. பட்டாணி பஃபர் இதற்கு நேர்மாறு, கேரளத்து ஆற்று மீன், அதை உவர்நீரில் விடவே கூடாது.

நான் தேடியது ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கும் சிக்லிட் குடும்ப மீன், உப்பங்கழியிலும் ஆற்றிலும் இரண்டு பக்கமும் வாழும், விரல் நீளம், மஞ்சள் உடம்பில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி, நடுவில் ஒரு கரும்பொட்டு. இதன் பெரிய அண்ணன்தான் 2010-இல் கேரளா மாநில மீனாக அறிவித்த கரிமீன். இரண்டையும் சேர்த்து வைக்க ஆசை இருந்தது, ஏனென்றால் இயற்கையில் ஆரஞ்சு குரோமைடு கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும், அப்படிச் செய்துகொண்டே அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னவும் செய்யும், விசித்திரமான உறவு. ஆனால் கரிமீன் ஓரடியைத் தொட்டுவிடும், பாசியும் செடியும்தான் அதற்குச் சாப்பாடு. என் வாலிஸ்நேரியா ஒரு வாரம் வராது. அதனால் ஆரஞ்சு ஆறு, பழைய மோலிகள், கண்ணாடியைச் சுத்தம் செய்ய நெரைட் நத்தைகள், அவ்வளவுதான்.

குரோமைடுகள் வந்த புதிதில் மரவேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தலையே காட்டவில்லை. செடி அடர்ந்த பிறகு தைரியம் வந்துவிட்டது. மணலை அங்கங்கே தோண்டுகின்றன, ஆனால் எந்தச் செடியையும் பிடுங்கவில்லை.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டேன், கோட்டுக்குக் கீழே போனால் ஆர்.ஓ. தண்ணீர். இன்னொரு தொல்லை, உப்புப் பூப்பது. மூடியின் ஓரம், ஃபில்டர் குழாய், ஒயர் என்று எல்லா இடத்திலும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. லைட்டைத் தாங்கும் கம்பி இரண்டு மாதத்தில் துரு. பிளக் பாயின்ட் தொட்டி மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும்.

அக்டோபர், நவம்பர்

சென்னைப் பக்கத்து உப்பங்கழிகளான பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் வருஷம் முழுக்க ஒரே உப்பு இருப்பதில்லை. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீர் வற்றி உப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழை வந்தால் நல்ல தண்ணீர் இறங்கி எல்லாம் சப்பென்று ஆகிவிடும். தொட்டிக்கும் அதைச் செய்து பார்க்கலாம் என்று, மழை ஆரம்பித்ததும் தண்ணீர் மாற்றும்போது உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து 3 கிராமில் நிறுத்தினேன்.

செடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் துளிர்த்தன, அனுபியாஸ்கூடப் புது இலை. அப்புறம் ஒரு ஜோடி குரோமைடு மற்றவற்றை ஒரு மூலைக்கு விரட்டிவிட்டு உடைந்த மண்சட்டி ஓட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. நிறம் கறுத்து, வயிறு கரிபிடித்தது போல ஆனது. ஓட்டின் உள்பக்கம் முட்டை. இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறுகின்றன, பொரித்ததும் குஞ்சுகளை வாயில் கவ்வி மணல் குழிக்குக் கொண்டுபோகின்றன. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் பெற்றோரின் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்கின்றன. இதைப் படித்திருந்தேன், பார்ப்பது வேறு.

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா பொரித்துப் போடுகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் இருக்கிற அதே சின்ன இறால்தான், முட்டையாக டப்பாவில் கிடைக்கிறது. நல்ல தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் செத்து அடியில் அழுகும். இங்கே உப்பு இருப்பதால் கூடுதல் நேரம் உயிரோடு நீந்துகிறது, குஞ்சுகள் நிதானமாகப் பிடித்துத் தின்கின்றன, தண்ணீரும் கெடுவதில்லை.

டிசம்பர்

தெரிந்த ஒருவர் நர்சரியில் வளர்த்த சுரபுன்னை (அலையாத்தி மரம்) நாற்று இரண்டு கொடுத்தார். பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே எதையும் பொறுக்கி வரக்கூடாது, நர்சரி நாற்றுதான் சரி. முருங்கைக்காய் போன்ற அந்த நீண்ட நாற்றுக்குள்ளேயே பல மாதத்துக்கு வேண்டிய சாப்பாடு இருக்கிறது. அடிப்பகுதி மட்டும் தண்ணீரில், மேலே திறந்தவெளி, அதற்காக மூடியில் ஓர் ஓரம் வெட்டியிருக்கிறேன். முதல் ஜோடி இலை விரிந்துவிட்டது, தினமும் நல்ல தண்ணீர் தெளிக்கிறேன்.

குஞ்சுகளில் இருபதுக்கு மேல் நிற்கின்றன, மோலிகள் கொண்டுபோனது போக. பெற்றோர் அடுத்த முட்டைக்கு ஓட்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டதால் இவற்றை வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும், பழைய இரண்டடித் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் கழிந்து மழைத் தண்ணீர் வடிந்ததும் உப்பை மறுபடி வாரம் அரை கிராமாக 5-க்கு ஏற்றுவேன். 6-க்குப் போனால் நீர்ப்பிரமி என்ன செய்யும் என்று பார்க்க நான்கு தண்டு மட்டும் தனி ஜாடியில் வைத்திருக்கிறேன்.