மூன்றாவது தடவையில் ஒட்டிய ஸ்ப்ளிண்டர்

தாள்தாளாகப் பிரிந்துபோன ஒரு பழைய ஸ்டார் வார்ஸ் நாவலை ஒட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி வைத்திருந்தேன். நேற்று ராத்திரி பலகையைப் பிரித்தேன். 'ஸ்ப்ளிண்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' நடுவில் விரிகிறது, மேசைமேல் கவிழ்த்து வைத்தாலும் ஒரு தாள் உதிரவில்லை! கார்த்திகையில் ஆரம்பித்த வேலை, மாசியில் கைகூடியிருக்கிறது.

புத்தகம் எங்கள் தெரு காக்காவுடையது (இங்கே அண்ணனைக் காக்கா என்போம்). கப்பலில் வேலை பார்த்து ஓய்வாகி கீழக்கரையோடு இருந்துவிட்டவர். படங்களுக்கும் டிவி தொடர்களுக்கும் ஒட்டி வந்த அந்தக் காலத்து அறிவியல் நாவல்களை ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருக்கிறார். கப்பல் மெட்ராஸ் வரும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட்டுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தவை பாதி. 1985-இல் அது எரிந்துபோனதை இன்றைக்கும் சொந்த வீடு எரிந்த மாதிரிதான் சொல்வார்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது இதைத்தான். விரித்தேன், 'படக்' என்றது. உருக்கி ஊற்றிய பழைய முதுகுப் பசை காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி உதிர்ந்தது. சரி, ஒட்டுகிற வரைக்கும் தாள்தாளாகவே படிப்போம் என்றார் காக்கா. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து திண்ணையில் உட்காருவோம். அவர் ஒரு தாளைப் படித்து என்னிடம் நீட்டுவார், நான் படித்து கிளிப்பில் மாட்டுவேன். காற்றில் பறக்காமல் இருக்க மடியில் ஒரு தாம்பாளம். முன்னால் புரட்டிப் பார்க்கவும் முடியாது, அவர் படித்து முடித்தால்தான் எனக்கு.

இந்த நாவலை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் நாவல் ஜார்ஜ் லூகாஸ் பெயரில் 1976-இலேயே, படத்துக்குச் சில மாதம் முன்னாலேயே வந்ததல்லவா, அதை உண்மையில் எழுதியவரும் இவரே. ஸ்ப்ளிண்டர் வந்தது 1978-இல். படம் பெரிதாக ஓடாவிட்டால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்க ஒரு கதை வேண்டும் என்று லூகாஸ் எழுதச் சொன்னது. கதை முழுக்க மிம்பன் என்ற பனிமூட்டக் கிரகத்துச் சேற்றில் நடப்பதற்குக் காரணம் அந்தக் கணக்குதான். மூட்டத்துக்குப் பின்னால் செட் போட வேண்டியதில்லை. ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தம் ஆகவில்லை, அதனால் ஹான் சோலோ கதையிலேயே இல்லை. அதே மிம்பன் 2018-இல் ஹான் சோலோவின் சொந்தப் படத்தில் சேற்றுப் போர்க்களமாக வந்தபோது எனக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று இப்போது இருக்கிறது.

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய உறுத்தல், கதாநாயகன் லூக் இளவரசி லேயாவைக் காதலோடு பார்க்கிற பார்வை. "இது சரியில்லையே காக்கா, ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்க" என்றேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் இதைக் கப்பல்ல படிச்சது எண்பத்திரண்டுல தம்பி. அப்ப அது யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் சொன்னது சரி. லூக்கின் தகப்பன் யார் என்ற விஷயம் வெளிவந்தது 1980 படத்தில், லேயா தங்கை என்ற விஷயம் 1983 படத்தில். ஃபாஸ்டர் எழுதிய வருஷத்தில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. அந்தத் திறப்புதான் இந்தப் பழைய நாவல்களில் எனக்குப் பிடித்தது. 2014-இல் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்களையெல்லாம் அதிகாரப்பூர்வக் கதையில் சேராது என்று 'லெஜண்ட்ஸ்' பெயரில் ஒதுக்கி வைத்தார்கள். இதுவும் அதில் போய்விட்டது. எங்கள் திண்ணையில் ஒதுக்கல் இல்லை.

இனி பசை. ராமநாதபுரத்தில் ஒரு பைண்டிங் கடைக்காரர் சொன்னபடி, முதலில் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து போட்டேன். அவர் கணக்கேடுகளுக்கு அது பொருந்தும். எங்கள் தெருவில், வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகையில், நாலு நாள் ஆகியும் காயவில்லை. ஐந்தாம் நாள் பூஞ்சை வாடை. உப்பு படிந்த தாள் ஈரத்தைத் தானே இழுக்கும். முதல் இரண்டு தாளில் விழுந்த கரும்புள்ளி இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் தாள்களை எவர்சில்வர் தூக்கில், செருப்பு டப்பாவில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்தேன்.

இரண்டாம் தடவை வெள்ளைப் பசை. முதுகில் ஆக்ஸா பிளேடால் ஐந்து இடத்தில் கீறி வலை நூலை உள்ளே படுக்க வைத்தேன். நூல் நம் ஊரில் கிடைப்பதில் உறுதியானதுதான், ஆனால் நைலான். பசையை அது குடிக்கவே இல்லை. காய்ந்தபின் நுனியைப் பிடித்து இழுத்தால் மீன்முள் மாதிரி முழுசாக உருவிக்கொண்டு வந்தது. பசையையும் அப்பிவிட்டேன், உள் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. பிரித்தெடுக்க மூன்று சாயங்காலம்.

மூன்றாவதில் அவசரப்படவில்லை. முதுகை உப்புத்தாளால் தேய்த்துப் பழைய பசையை மாவாக்கித் தட்டினேன். தாள்கட்டை இரண்டு பலகைக்கு நடுவில் பிடித்து, சீட்டுக்கட்டை விசிறுவது போல ஒரு பக்கம் சாய்த்து, அரை இஞ்ச் பிரஷால் பசையை ஒரே ஒரு இழுப்பு. பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னொரு இழுப்பு. எல்லா சூட்சுமமும் இந்தச் சாய்ப்பில் இருக்கிறது. சாய்க்கும்போது ஒவ்வொரு தாளின் விளிம்பும் மயிரிழை அளவு வெளியே தெரியும், பசை அங்கே ஏறும். நிமிர்த்தினால் ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். நேராக வைத்து முதுகில் மட்டும் பூசினால் எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. கீறலில் பூக்கட்டுகிற பருத்தி நூல், அது பசையைக் குடித்துவிட்டது. மேலே மெடிக்கலில் வாங்கிய பேண்டேஜ் துணி. காடாத்துணி தடிமன், முதுகு மடங்காது. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் இங்கே காய்ந்த காற்று, அந்த நேரத்திலேயே வேலையை முடித்தேன். பலகைமேல் பாரத்துக்கு, வலைக்கட்டுகிற மச்சானிடம் இரவல் வாங்கிய ஈயக்குண்டுப் பை. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை.

அட்டை இன்னும் ஒட்டவில்லை. ரால்ஃப் மெக்குவாரி வரைந்த படம், அவசரத்தில் கறையாக்க மனசில்லை. அதற்குள் பெட்டியிலிருந்து அசிமோவின் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' வெளியே வந்துவிட்டது. 1966, படத்துக்கு முன்னாலேயே வந்த நாவல். ஒரு நீர்மூழ்கியை ஆட்களோடு சுருக்கி ஒரு மனிதன் உடம்புக்குள் அனுப்புகிற கதை. படத்தில் நீர்மூழ்கியை உடம்புக்குள்ளேயே விட்டுவிட்டு வருவார்கள், அது மறுபடி பெரிதானால் ஆள் என்ன ஆவான்? அசிமோவ் ஒத்துக்கொள்ளவில்லை, நாவலில் அதையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். முதுகு நன்றாக இருக்கிறது, ராமபாணப் பூச்சிதான் முப்பது தாளைத் துளைத்திருக்கிறது. துளை அடைக்க மெல்லிய தாள் வேண்டும், மதுரையில் கிடைக்கும் என்கிறார்கள். இன்னொரு பிரதி வாங்கலாம் என்றால் பயமாக இருக்கிறது. போன வருஷம் தபாலில் வாங்கிய ஒன்று, ஓரம் வெட்டி, முதல் அத்தியாயமே இல்லாமல் வந்தது.

ஸ்ப்ளிண்டரில் கடைசி ஏழு தாள் நான் இன்னும் படிக்கவில்லை. அதைப் புத்தகமாகத்தான் படிக்கணும் என்று காக்கா முன்பே சொல்லிவிட்டார். இன்றைக்கு அசருக்கு அப்புறம் எடுத்துக்கொண்டு போகிறேன், அட்டை இல்லாமலே.