நெற்றிப் பொட்டு

கும்பகோணத்தில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், நடுநடுவே தேர்தல். எல்லாக் கட்சிக்காரர்களும் எங்களிடம் வருவார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவரின் ஃபைலைத் திறக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட முதல் விதி.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-லேயே சட்டம் வந்திருந்தது. அதனால் ஆர்டர் நோட்டில் வரிசையாகப் பெண் வேட்பாளர்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் உண்டு. கரைவேட்டிக் கூட்டம் இதற்குத்தான்.

ஒரு வார்டில் இரண்டு பெரிய கட்சிகளும் பெண்களையே நிறுத்தியிருந்தன. முதல் கட்சி வேட்பாளரின் கணவர் வந்தார். “என் படம் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்மா, ஜனங்களுக்கு என்னைத்தான் தெரியும்.” சரி, பெரிதாக்கினேன்.

அந்தப் போஸ்டரைச் சுவரில் பார்த்துவிட்டு எதிர்த்தரப்புக் கிளைச் செயலாளர் வந்தார். “பொம்மையை நிறுத்திட்டு ஆட்டுறது பூரா அவன்தான்” என்று ஒரே சிரிப்பு. சிரித்த கையோடு அவர் நீட்டிய காகிதத்தில், தங்கள் வேட்பாளர் பெயருக்கு மேலே ‘முன்னாள் தலைவரின் மருமகள்’ என்று கொட்டை எழுத்தில் வர வேண்டும் என்றிருந்தது. கேட்டால், அது குடும்பப் பாரம்பரியமாம்.

அந்த மருமகளும் கூட வந்திருந்தார். கணவரை இழந்தவர். படத்தைத் திரையில் போட்டதும் செயலாளருக்கு முகம் சுருங்கியது. “நெத்தி வெறிச்சுன்னு இருக்கே. சின்னதா ஒரு பொட்டு வச்சிரும்மா, கம்ப்யூட்டர்லதானே.” சிவப்பு வட்டம் ஒன்று போட்டு, சுருக்கி, புருவத்துக்கு நடுவே நகர்த்தினேன். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல்: “எடுத்துரும்மா. ஓட்டுக் கேட்டு வாசல்ல போய் நிக்கும்போது அது இருக்காதே.” எடுத்துவிட்டேன்.

முதல் கட்சிக்காரர்கள் அந்த நெற்றியை வைத்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதே ஆட்கள் பக்கத்து வார்டில் கணவரில்லாத ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். அங்கே அவர் ‘ஒத்தை ஆளா நின்னு பிள்ளைகளை ஆளாக்கினவங்க’. மனைவியை இழந்த ஆண் வேட்பாளர்களும் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் நெற்றியை யார் பார்த்தார்கள்?

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் மயிலாடுதுறைத் தொகுதியில் காங்கிரஸ் சுதா, நாம் தமிழர் காளியம்மாள் இருவரும் நின்றார்கள். சுதா ஜெயித்தார். அப்போதும் டீக்கடையில், தன் கட்சிப் பெண் குரலை உயர்த்தினால் வீரம், அடுத்த கட்சிப் பெண் உயர்த்தினால் வாய்.

அவர்களைச் சொல்கிறேனே, சென்ற மாதம் பழைய ஆர்டர் நோட்டுகளைக் கட்டிப் போடும்போது 2019 நோட்டைப் புரட்டினேன். ஆர்டர் விஷயமாக யாரிடம் பேச வேண்டும் என்று குறிக்கும் இடத்தில், ஆண் வேட்பாளர் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் ‘பொறுப்பு’ என்று இருக்கிறது. பெண் என்றால், எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி, ‘வீட்டுக்காரர்’.