68-ம் நம்பர் மேல ஏறுது

2024 பிப்ரவரி 15
இன்னிக்கு ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகருக்கு 52 வயசு. இந்த வயசுலயும் செக் நாட்டுல க்ளாட்னோ டீமுக்கு ஆடிட்டு இருக்கார், அது அவர் பொறந்த ஊரு, டீமோட ஓனரும் அவரேதான், தான் ஆடறத நிறுத்திட்டா ஸ்பான்சர்ங்க போயிடுவாங்கன்னு அவரே சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல, அவரோட பழைய டீம் பென்குயின்ஸ், அவர் 68-ம் நம்பர் ஜெர்ஸிய அரங்கத்துக் கூரைக்கு ஏத்தி அந்த நம்பர ரிட்டயர் பண்றாங்க, எனக்கு இப்பவே தூக்கம் வரல.

2024 பிப்ரவரி 17
பழைய வீடியோவா பாத்துட்டே இருக்கேன். வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்எச்எல்ல டீம்ங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்கற 1990 டிராஃப்ட்ல, பிட்ஸ்பர்க் இவர அஞ்சாவதா எடுத்தாங்க, வந்த ரெண்டு வருஷமும், 91, 92, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கப். வேகமா ஓடறது மட்டும் இல்ல இவர் ஆட்டம், இடுப்ப பின்னால தள்ளி டிஃபென்ஸ்மேன முதுகால அடைச்சிட்டு, பந்துக்குப் பதிலா ஆடற ரப்பர் வட்டான 'பக்'க ஒரு கைநீளத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுக்குவார், ரெண்டு பேரு மேல விழுந்தாலும் பிடுங்க முடியாது. வேகம் குறைஞ்ச வயசுலயும் கைகொடுத்தது இதுதான், 2015-16ல ஃப்ளோரிடா டீமுக்கு 66 பாயின்ட் (அடிச்ச கோலும் கோலுக்கு உதவினதும் சேத்து), அப்ப 44 வயசு!

என்எச்எல்ல மொத்தம் 1921 பாயின்ட், அவருக்கு மேல கிரெட்ஸ்கி மட்டும்தான். நடுவுல 2008ல இருந்து மூணு வருஷம் ரஷ்யாவுல ஓம்ஸ்க்குக்கு ஆடப் போயிட்டார், அந்த மூணு வருஷமும் இங்கயே இருந்திருந்தா 2000 தாண்டியிருப்பார், இத யார் மறுத்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். 98 நாகானோ ஒலிம்பிக் தங்கம் வேற இருக்கு, அதுக்கு ஹாஷெக்கோட கோல்கீப்பிங்தான் முக்கியக் காரணம், அதையும் சொல்லணும்.

2024 பிப்ரவரி 19
நேத்து வார்ம்-அப்ல பென்குயின்ஸ் பசங்க எல்லாரும் 68 போட்டு, அவரோட அந்தக் காலத்து நீள முடி மாதிரி விக் வெச்சு வந்தாங்க, நடுவுல யாகரும் ஸ்கேட் பண்ணார், சிரிச்சுட்டே கண்ணு கலங்கிடுச்சு. அந்த டீம்ல இதுக்கு முன்ன ரிட்டயர் பண்ண நம்பர் ரெண்டே ரெண்டு, பிரியேரோட 21, லெமியூவோட 66.

68 சும்மா எடுத்த நம்பர் இல்ல. 1968ல சோவியத் டாங்கிங்க பிராக்குக்குள்ள வந்துச்சு, அவர் தாத்தா இறந்ததும் அதே வருஷம். தாத்தா ஒரு விவசாயி, கம்யூனிஸ்ட் ஆட்சியில நிலமும் போச்சு, ஜெயிலுக்கும் போனார். அந்த வருஷத்த முதுகுல போட்டுக்கிட்டுதான் இவர் இத்தனை காலம் ஆடியிருக்கார். இனி பிட்ஸ்பர்க்ல அந்த நம்பர வேற யாரும் போட முடியாது, ஆனா க்ளாட்னோவுல அவருக்கு இன்னும் மேட்ச் பாக்கி இருக்கு.