மாம்பழப் பெட்டி

மகளின் ஆங்கில நோட்டில் ஒரு சிவப்புச் சுழி. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி' என்று எழுதியிருந்தாள். "மாம்பழங்கள் நிறைய இருக்கிறதே அப்பா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 'மாம்பழங்கள் உள்ள பெட்டி கனமாக இருக்கிறது' என்னும்போது தமிழில் எழுவாய் பயனிலையின் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ பெட்டி முன்னால் போய்விடுகிறது. 'மேங்கோஸ்' நடுவில் புகுந்து வினைச்சொல்லை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பன்மை ஒலி காதில் விழுந்ததும் கை 'ஆர்' எழுதிவிடுகிறது. ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இங்கே தடுக்கி விழுவதுண்டு.

'ஆஃப் மேங்கோஸ்' என்பதை விரலால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன்.

"தி பாக்ஸ்... இஸ் ஹெவி!"

முகம் மலர்ந்துவிட்டது. பெயர்ச்சொல்லில் 'எஸ்' சேர்ந்தால் பன்மை, நிகழ்கால வினையில் சேர்ந்தால் ஒருமை. அதை நாளைக்கு வைத்திருக்கிறேன்.